இடுப்புத்தளத் தளர்ச்சி: பழியெல்லாம் முதுமைக்கா?

பழைய கூரை ஒழுகும். பழைய கயிறு நைந்துபோகும். அதுபோலவே வயதான பெண்ணின் இடுப்புத் தசைகளும் தளர்ந்துபோகும். கர்ப்பப்பை இறங்குவதற்கும், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதற்கும் உடல்நல நூல்கள் பல தரும் விளக்கம் ஏறத்தாழ இதுதான். தயங்கித் தயங்கி மருத்துவரிடம் சென்று சொல்லும் பெண்ணுக்கும், "வயதாகிவிட்டதம்மா, அப்படித்தான் இருக்கும்" என்ற விடையே பல வேளைகளில் கிடைக்கிறது. கேட்டவுடன் மனத்தில் பதிந்துவிடும் விளக்கம் இது. ஆகவே யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆனால் இது அறிவியல் விளக்கந்தானா? கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைக் கொண்டு இதை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூச்சத்துக்குரிய பொருள் என்று கருதி மாணவ வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதயத்தைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் எழுதுவது போலவே இதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டதால்தான் தவறான விளக்கம் இத்தனை காலம் தட்டிக்கேட்க ஆளின்றி நிலைத்திருக்கிறது.

முதலில் முதுமையின்மேல் குற்றஞ்சாட்டுவோரின் சான்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2005-2006ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் 1,961 பெண்கள் கலந்துகொண்டனர். சிறுநீர்க் கசிவு, மலக் கசிவு, உறுப்பு இறக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருபது முதல் முப்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் 9.7 விழுக்காட்டினருக்கு இருந்தது. நாற்பதுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் இடையில் அது 26.5 விழுக்காடாயிற்று. அறுபதுக்கு மேல் 36.8, எண்பதைத் தாண்டியவர்களில் 49.7, அதாவது பாதிப்பேர். படிக்கட்டைப் போல ஏறும் இந்த எண்களைக் கண்டபின் முதுமைதான் காரணம் என்று சொல்லத் தோன்றுவது இயல்பே.

இங்கேதான் நீங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் ஊர்களில் எழுபது வயதுப் பெண்களையும் இருபது வயதுப் பெண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எந்தக் கூட்டத்தில் அதிகம்? எழுபது வயதினரில்தான். ஆகவே வயது ஏற ஏறக் கற்ற எழுத்து மறந்துபோகிறது என்று முடிவு கட்டுவீர்களா? மாட்டீர்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே காலத்தில் வெவ்வேறு வயதினரை நிறுத்தி அளக்கும் ஆய்வு எதிலும் இந்தப் பொறி உண்டு. எண்பது வயதுப் பெண் இருபது வயதுப் பெண்ணைவிட அறுபது ஆண்டு மூத்தவர் மட்டுமல்லர். அவர் பெற்ற பிள்ளைகள் அதிகம், பெற்ற முறை வேறு, தூக்கிய சுமை வேறு. இவை அனைத்தையும் "வயது" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, மூட்டையின் எடையைத் திசுக்களின் முதுமை என்று சொல்வது கணக்குப் பிழை.

உறியும் பலகையும்

பிழையை விளங்கிக்கொள்ள உடற்கூற்றைச் சிறிது அறிய வேண்டும். இடுப்பெலும்பு வளையத்தை அடிப்பகுதி இல்லாத ஒரு கூடையாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அடியை மூடும் தசைப் பரப்பே இடுப்புத்தளம். அதன் பெரும்பகுதி லெவேட்டார் ஏனை என்ற தசையால் ஆனது. முன்புறம் பியூபிஸ் எலும்பின் உட்பக்கத்தில் தொடங்கி, பின்புறம் வால் எலும்பு வரை அது விரிந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதி, குதிரை இலாடத்தைப் போல, யோனிக் குழாயையும் மலக்குடலையும் பின்புறமாக வளைத்துக்கொண்டு மறுபடியும் முன் எலும்பிலேயே வந்து முடிகிறது. மற்ற எலும்புத் தசைகள் வேலை இல்லாதபோது ஓய்ந்திருக்கும். இதுவோ நாம் உட்கார்ந்திருந்தாலும் உறங்கினாலும் ஓரளவு இறுகியே இருந்து திறப்பை மூடிவைக்கிறது.

இது கீழிருந்து தாங்கும் ஏற்பாடு. மேலிருந்து தாங்கும் ஏற்பாடும் உண்டு. கருப்பையின் கழுத்தையும் யோனிக் குழாயின் மேற்பகுதியையும் இடுப்பின் பக்கச் சுவர்களோடும் பின்னெலும்போடும் பிணைத்து வைக்கும் தாங்கு நார்கள் அவை. கொலாஜன், எலாஸ்டின் என்ற புரதங்களும் ஓரளவு மழமழப்புத் தசையும் கலந்த இணைப்புத் திசு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் டிலான்சி 1992ஆம் ஆண்டு இந்தத் தாங்கல்களை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களாகப் பிரித்து விளக்கினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தப் பிரிவினையைத்தான் கற்கிறார்கள்.

நம் பாட்டிமார் வீட்டில் தயிர்ப்பானையை உறியில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பானைக்கு அடியில் ஒரு பலகையையும் முட்டுக் கொடுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பலகை உறுதியாக இருக்கும்வரை உறிக்கயிற்றுக்கு வேலை மிகக் குறைவு. பானை நகர்ந்துவிடாமல் பிடித்தால் போதும். பலகை ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டால் அன்றே பானை விழுந்துவிடாது. முழுச் சுமையும் கயிற்றின்மேல் ஏறும். கயிறு நாள்தோறும் சிறிது சிறிதாக நீளும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பானை தரையைத் தொடும்போது பார்ப்பவர் என்ன சொல்வார்? "கயிறு பழசாகிவிட்டது" என்பார். பலகை பெயர்ந்த நாள் யாருக்கும் நினைவிராது.

சிறுநீர் அடக்கம் வேறொரு பொறியமைப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் பெண்களுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதைச் சுற்றி மழமழப்புத் தசையும், வெளிப்புறம் வரித்தசையும் அமைந்து குழாயை நெருக்கி மூடுகின்றன. கசிவையும் இறக்கத்தையும் ஒரே நோயின் இரு வடிவங்கள் போல எழுதுவது நலவாழ்வு ஏடுகளின் வழக்கம். இரண்டின் தசைகளும் வேறு; அவை முதுமை அடையும் விதமும் வேறு.

பிள்ளை பெறாதவர்களை அளந்தபோது

வயதையும் மகப்பேற்றையும் எப்படிப் பிரித்தறிவது? வழி எளிது: பிள்ளை பெறாத பெண்களை வெவ்வேறு வயதுகளில் அளந்து பார்க்க வேண்டும். எளிய இந்த எண்ணம் செயலுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே ஒரு செய்தி. 2007ஆம் ஆண்டு மிச்சிகன் ஆய்வாளர்கள் 21 முதல் 70 வயது வரையுள்ள, மகப்பேறு காணாத 82 பெண்களைச் சோதித்தனர். உறுப்புகள் எந்த அளவு இறங்கியுள்ளன, லெவேட்டார் தசை ஓய்விலும் சுருங்கும்போதும் எவ்வளவு விசையுடன் மூடுகிறது, சிறுநீர்க் குழாய் எவ்வளவு அழுத்தத்துடன் மூடியிருக்கிறது என்ற மூன்றையும் அளந்தனர்.

முடிவு எதிர்பாராதது. உறுப்புத் தாங்கலில் வயதுக்கேற்ற வேறுபாடு காணப்படவில்லை. லெவேட்டார் தசையின் விசையிலும் காணப்படவில்லை. ஆனால் சிறுநீர்க் குழாயின் மூடும் அழுத்தம் வயதோடு விடாப்பிடியாகக் குறைந்து வந்தது. பத்தாண்டுக்கு 15 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அளவு. இருபதிலிருந்து எழுபதுக்குள் 75 சென்டிமீட்டர் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த சிறுநீர்க் குழாய்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவும் இதற்குப் பொருந்துகிறது: வயது ஏற ஏற அக்குழாயின் வரித்தசை நார்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

அதாவது ஒரே இடுப்பில், ஒரு சாண் இடைவெளிக்குள், ஒரு தசை ஆண்டுதோறும் தேய்கிறது. இன்னொன்று எழுபது வயது வரை ஏறத்தாழ நிலைத்து நிற்கிறது. "எல்லாம் தளரும்" என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

கன்னியாஸ்திரீகளிடம் நடந்த ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் 149 கன்னியாஸ்திரீகளிடம் வினாக்கள் விடுத்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 68. ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சிறுநீர்க் கசிவு இருந்தது. 2005இல் அதே குழுவினர் பிள்ளை பெறாத பெண்களையும் பிள்ளை பெற்ற அவர்களுடைய உடன்பிறந்த சகோதரிகளையும் 143 இணைகளாக ஒப்பிட்டனர்: பெறாதவர்களில் 47.6 விழுக்காடு, பெற்றவர்களில் 49.7 விழுக்காடு. வேறுபாடே இல்லை எனலாம். மகப்பேறு ஒன்றுமே செய்வதில்லை என்று இதைக் கொண்டு சிலர் எழுதியதுண்டு. அது மறுபக்கத்துப் பிழை. நார்வே நாட்டில் 65 வயதுக்கு உட்பட்ட 15,307 பெண்களிடம் பார்த்தபோது, பிள்ளை பெறாதவர்களில் 10.1, அறுவை மூலம் பெற்றவர்களில் 15.9, இயல்வழியில் பெற்றவர்களில் 21.0 விழுக்காட்டினருக்குக் கசிவு இருந்தது. இளமையில் மகப்பேற்றின் கை ஓங்கியிருக்கிறது. முதுமையில் குழாய்த் தசையின் தேய்வு எல்லாரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. இரண்டு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல. வெவ்வேறு வயதில் எடுத்த படங்கள், அவ்வளவே.

மிச்சிகன் ஆய்வின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. என்றாலும் அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெண்ணையும் ஒருமுறைதான் அளந்தார்கள். ஒரே பெண்ணை ஐம்பது ஆண்டு தொடரவில்லை. ஆகவே நான் மேலே சொன்ன எழுத்தறிவுப் பொறி இங்கும் முற்றாக நீங்கவில்லை. எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அதில் இல்லை. மேலும் 2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான்டியாகோவில் இறந்தவர்களின் இடுப்புத்தளத் தசைகளை ஆராய்ந்தவர்கள், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் தசையின் விசை தரும் குறுக்குப் பரப்பு குறைந்திருப்பதையும், தசை நார்களுக்கிடையே கொலாஜன் மிகுந்திருப்பதையும் கண்டனர். உயிருள்ளோரிடம் விசை குறையவில்லை, இறந்தோரிடம் பரப்பு குறைந்திருக்கிறது என்றால் எதை நம்புவது? என் கருத்தில் இரண்டையும் நம்பலாம். கால் தசை முதுமையில் மெலிவது நாம் அறிந்ததே; இடுப்புத் தசை மட்டும் காலத்துக்கு விலக்குப் பெற்றதாக இருக்க முடியாது. ஆனால் மெலிந்த தசை வேறு, அறுந்த தசை வேறு. மெலிந்த பலகையும் பானையைத் தாங்கும்.

பலகை பெயர்வது எப்போது?

குழந்தையின் தலை வெளிவரும்போது லெவேட்டார் தசையின் உட்பகுதி எவ்வளவு நீள வேண்டியிருக்கிறது என்று 2004இல் கணிப்பொறி மாதிரி ஒன்றின் மூலம் கணக்கிட்டார்கள். தன் இயல்பு நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று விடை வந்தது. கை கால் தசைகள் இந்த நீட்சியில் பாதியைக் கூடப் பொறுக்கமாட்டா. பெரும்பாலான தாய்மார்களின் தசை இதைத் தாங்கி மீண்டுவிடுகிறது என்பதுதான் வியப்பு. கருவுற்ற காலத்தில் திசுக்களில் ஏற்படும் மாற்றங்கள் அதற்குத் துணை செய்கின்றன.

எல்லாருக்கும் மீளுவதில்லை. 2003ஆம் ஆண்டு டிலான்சி குழுவினர், பிள்ளை பெறாத 80 பெண்களையும், முதற்பிள்ளையை இயல்வழியில் பெற்ற 160 பெண்களையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். பெறாதவர்களில் ஒருவருக்கும் தசைச் சிதைவு இல்லை. பெற்றவர்களில் 32 பேருக்கு, அதாவது ஐவரில் ஒருவருக்கு, தசை எலும்போடு ஒட்டிய இடத்திலேயோ வேறிடத்திலோ சிதைந்திருந்தது. நான்காண்டுகள் கழித்து உறுப்பு இறக்கம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, உள்ளவர்களில் 55 விழுக்காட்டினருக்குப் பெரிய சிதைவு. இல்லாதவர்களில் 16 விழுக்காட்டினருக்கே. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இச்சிதைவு மிகுதி என்பதைப் பிற நாட்டு ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன.

அந்த 55 என்ற எண்ணை மீண்டும் பாருங்கள். மீதி 45 விழுக்காட்டினருக்குப் பெரிய சிதைவு இல்லாமலே உறுப்பு இறங்கியிருக்கிறது. முதுமையைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு மகப்பேற்றை ஏற்றிவிடுவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

முதற்பிள்ளை பெற்ற பெண்களை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் மேரிலாந்தில் நடந்து, 2018இல் வெளிவந்தது. 1,528 பேர், ஒன்பது ஆண்டுகள் வரை. இயல்வழியில் பெற்றவர்களில் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு உறுப்பு இறக்கத்தின் அடையாளம் தோன்றும் என்று மதிப்பிட்டார்கள். அறுவை மூலம் பெற்றவர்களிடம் அது மிகக் குறைவு. ஆயுதம் போட்டுப் பெற்றவர்களிடம் மிக அதிகம். ஆகவே எல்லாருக்கும் அறுவை செய்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அறுவைக்கு அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு; அடுத்த கருவின்போதும் அவை தொடரும்.

நேபாளத்தின் கதையை ஒரு வரியிலாவது சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே மலைப்பகுதிகளில் இருபது, முப்பது வயதிலேயே பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்குகிறது. இளமையில் திருமணம், பேறுகாலத்தில் உதவியின்மை, பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சுமை தூக்குதல் ஆகியவையே அங்கே பேசப்படும் காரணங்கள். 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த வழக்காகவே எடுத்துத் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் "வயதாகிவிட்டது" என்று எந்த மருத்துவர் சொல்வார்?

கயிற்றைப் பற்றிய குழப்பம்

இனி இணைப்புத் திசு. இத்துறையின் ஆய்வுகளில் மிகப் பலவீனமான பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

உடலின் இணைப்புத் திசுவுக்கு வலிமை தருவது முதல்வகைக் கொலாஜன். நெகிழ்வு தருவது மூன்றாம் வகை. இழுத்து விட்டால் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எலாஸ்டின். இவற்றைக் கட்டும் நொதிகளும் உடைக்கும் நொதிகளும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. 1996இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வெளியிட்ட, பலராலும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று, மாதவிடாய் நிற்காத பெண்களிலேயே உறுப்பு இறங்கியவர்களின் திசுவில் கொலாஜன் குறைந்திருப்பதாகவும், அதை உடைக்கும் நொதி மிகுந்திருப்பதாகவும் கூறியது. அதன்பின் வந்த ஆய்வுகளைப் புரட்டினால் தலை சுற்றும். கொலாஜன் குறைவு என்பார் ஒருவர். மிகுதி என்பார் இன்னொருவர். மூன்றாம் வகை மட்டும் மிகுதி என்பார் வேறொருவர்.

ஏன் இந்தக் குழப்பம்? திசு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேளுங்கள், விடை வெளிப்படும். அறுவைக்கு வந்த பெண்ணிடமிருந்துதான் கிடைக்கிறது. அதற்குள் அத்திசு பல்லாண்டுகள் சுமையால் இழுபட்டு, உராய்ந்து, புண்பட்டு, ஆறிப் பின்னும் புண்பட்டிருக்கிறது. அதில் காணும் மாறுதல் நோயின் காரணமா, நோயின் விளைவா? நைந்த கயிற்றை எடுத்துக் காட்டி, "நைந்ததால்தான் பானை இறங்கியது" என்பவரிடம், "பானை தொங்கியதால் நைந்திருக்கலாமே" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு ஒருவர் யோனியின் முன்சுவரிலிருந்து திசு எடுக்கிறார், இன்னொருவர் தாங்கு நாரிலிருந்து எடுக்கிறார். ஒருவர் ஈர எடைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார், இன்னொருவர் மொத்தப் புரதத்துக்கு இவ்வளவு என்கிறார். ஒப்பீட்டுக்கு நிறுத்திய பெண்களின் வயது பல ஆய்வுகளில் பொருந்துவதே இல்லை.

வயது திசுவை என்ன செய்கிறது என்பதில் ஒன்று மட்டும் தெளிவு. கொலாஜன் இழைகளோடு குளுக்கோஸ் மூலக்கூறுகள் மெல்லச் சேர்ந்து, இழைக்கும் இழைக்கும் இடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. தோல், இரத்தக் குழாய், மூட்டு என எல்லா இடத்திலும் முதுமையில் நடப்பது இது. இதன் விளைவு விறைப்பு, தளர்ச்சி அன்று! பழைய திசு தொய்ந்து தொங்கும் துணியைவிட, வெயிலில் கிடந்து விறைத்த ரப்பரையே ஒத்திருக்கிறது. "தளர்ச்சி" என்று நாம் சூட்டிய பெயரே ஆய்வாளர்களைத் தவறான திசையில் தேடவைத்துவிட்டதோ என்று எனக்கு ஐயம்.

காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டியவை எலிகள். 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எலாஸ்டின் நார்களைக் கட்டிமுடிக்க உதவும் நொதி ஒன்றின் மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். குட்டி ஈன்றபின் அவற்றின் உறுப்புகள் இறங்கிவிட்டன. இயல்பான எலி, ஈன்றபின் தன் இடுப்புத் திசுவில் எலாஸ்டினைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. நொதியற்ற எலியால் அது முடியவில்லை. பிறகு, ஃபிபுலின்-5 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் குட்டி ஈனாமலே உறுப்பு இறங்குவது கண்டறியப்பட்டது. எலி நான்கு காலில் நடக்கிறது. அதன் குட்டியின் தலையோ மிகச் சிறியது. ஆகவே எலியைப் பெண்ணாக எண்ணிவிட முடியாது. ஆனால் ஒரு பாடம் உண்டு. உடலின் பிற பகுதிகளில் எலாஸ்டின் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்கும். இனப்பெருக்க உறுப்புகளில் மட்டும் ஒவ்வொரு பேற்றுக்குப் பின்னும் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. கேள்வி "எவ்வளவு தேய்ந்தது?" என்பதோடு முடிவதில்லை, "எவ்வளவு பழுது பார்க்கப்பட்டது?" என்றும் கேட்க வேண்டும். பெரிய சிதைவு இல்லாமலே உறுப்பு இறங்கிய அந்த 45 விழுக்காட்டினரில் சிலருடைய கதை இங்கே இருக்கலாம்.

தவறான விளக்கத்தின் விலை

விளக்கம் தவறானால் என்ன, நோய் நோய்தானே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதனால் திசு தளர்கிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் கசிவு நிற்கும். பல ஆண்டுகள் இப்படித்தான் நம்பினார்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 27,347 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2005இல் வந்தது. மாத்திரை உண்டவர்களில், முன்பு கசிவு இல்லாதவர்களுக்கும் வெறும் மாத்திரை உண்டவர்களைவிட அதிகமாகக் கசிவு தோன்றியது! ஈஸ்ட்ரோஜனுக்கு வேலையே இல்லை என்பது இதன் பொருளன்று. யோனியின் மேல்படலம் உண்மையிலேயே ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழும் திசு. அது குறைந்தால் படலம் மெலிகிறது, அதிலுள்ள கிளைக்கோஜன் குறைகிறது, அதை உண்டு அமிலம் சுரக்கும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் மறைகின்றன, நோய்க்கிருமிகள் குடியேறுகின்றன. 1993இல் இஸ்ரேலில், மாதவிடாய் நின்ற 93 பெண்களில் ஒரு சாராருக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பையும் மறு சாராருக்கு மருந்தற்ற களிம்பையும் உள்ளே தடவக் கொடுத்தார்கள். சிறுநீர்த் தொற்று ஆண்டுக்கு ஒருவருக்கு 5.9 முறை வந்தது மருந்தற்ற களிம்பினருக்கு. மருந்துக் களிம்பினருக்கு 0.5 முறைதான். படலத்துக்கு உதவிய மருந்து, தசையின் குறையைத் தீர்க்க முடியவில்லை. எந்தத் திசு என்று கேட்காமல் "முதுமை" என்று பொதுவாகச் சொன்னதன் விளைவு இது.

இரண்டாவது எடுத்துக்காட்டு கசப்பானது. திசு நைந்துவிட்டது, ஆகவே பாலிப்ரொப்பிலீன் வலையை வைத்துத் தைத்துவிடலாம் என்று எண்ணினார்கள். வயிற்றுச் சுவரில் குடலிறக்கத்துக்குப் பயன்பட்ட பொருள் அது. இடுப்புக்குள் யோனி வழியே வைத்தபோது வலை சுருங்கியது. படலத்தை அரித்துக்கொண்டு வெளிவந்தது. பலருக்குத் தீராத வலியைத் தந்தது. அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் 2008இல் எச்சரித்தது, 2011இல் மீண்டும் எச்சரித்தது. 2019 ஏப்ரலில் உறுப்பு இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. 2017இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில், வலை வைத்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. பெயர்ந்த பலகையை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு ஒட்டுப்போட்டால் வேறென்ன நடக்கும்? வலையின் தோல்விக்கு வாணிபத்தின் அவசரமும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் "நைந்த திசு" என்ற விளக்கம் இல்லாவிட்டால் அந்த வாணிபம் கால் ஊன்றியே இருக்காது.

இவற்றோடு ஒப்பிட்டால் எளிய பயிற்சியின் கதை நேர்மையானது. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகெல் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி வகுத்தார். 2018இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருமல், தும்மலில் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தோரில் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதோரில் 6 விழுக்காட்டினரே. உறுப்பு சிறிதளவு இறங்கிய 447 பெண்களிடம் நடந்து 2014இல் வெளிவந்த சோதனையிலும் தொல்லைகள் குறைந்தன. எலும்பிலிருந்து முற்றிலும் பிய்ந்துவிட்ட தசையைப் பயிற்சி மறுபடி ஒட்டவைக்காது. எஞ்சிய தசையைத்தான் அது பெருக்கும். ஆகவே பயிற்சிக்கு முன் தசை எந்த நிலையில் இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்லும் மருத்துவரோ இயன்முறைப் பயிற்சியாளரோ வேண்டும். "முதற்பிள்ளை எப்படிப் பிறந்தது? ஆயுதம் போட்டார்களா? எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள்?" என்ற கேள்விகளை அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

வரும் சிறுநீரை அடக்குவதுபோல் தசையை மேல்நோக்கி இழுத்துச் சில விநாடிகள் நிறுத்தி விடுவதே பயிற்சியின் சாரம். நாள்தோறும், குறைந்தது மூன்று மாதம். பலர் செய்யும் தவறு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குவது. அப்படிச் செய்தால் பயிற்சி பெறுவது வயிற்றுத் தசையே; இடுப்புத்தளத்தின்மேல் சுமைதான் ஏறும்.